கொழும்புக்குப் போன கருவளையம்

அழகுக்காக நான் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் பாடுபட்டிருக்கிறேன். அதன் பலனை அனுபவித்தது நானல்ல, என்னைப் பெற்றவள்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு வருஷம். தூத்துக்குடியில் எங்களுக்குக் கருப்பட்டிக் கடை. எனக்குப் பத்தொன்பது வயது, கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் கருவளையம். லேசாக இல்லை, அடுப்புக்கரியைத் தொட்டு யாரோ கட்டைவிரலால் இழுத்துவிட்ட மாதிரி. எவ்வளவு தூங்கினாலும் அது அசையாது. (தூக்கத்தில் நான் ஒரு குறையும் வைத்தவளில்லை.)

அந்தச் சமயத்தில் கொழும்பிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்குப் புறக்கோட்டையில் பலசரக்குக் கடை. வீட்டில் தாயும் மகனும் மட்டும். எனக்கும் உள்ளூரப் பிடித்துப்போயிற்று. முதலில் பெண்ணின் போட்டோவை அனுப்பும்படி கேட்டிருந்தார்கள். மாமா வெள்ளிக்கிழமைக் கப்பலில் கொழும்பு போகிறார், அவரிடமே கொடுத்துவிடலாம் என்று அய்யா முடிவு செய்தார். இந்தக் கண்ணோடு படம் போனால் சம்பந்தம் திரும்பி வராது.

பக்கத்து வீட்டுச் செல்லக்கனியிடம் போய் அழுதேன். என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவள். ஆனால் கல்யாணமானவள் என்பதால் அவளுக்கு எல்லாம் தெரியும் என்று நாங்கள் இரண்டு பேருமே நம்பினோம். மஞ்சளையும் செஞ்சந்தனத்தையும் பால்விட்டு உரசிக் கண்ணடியில் மூன்று வேளை பூசச் சொன்னாள். "படம் பிடிக்கப் போறப்பவும் கழுவிராதே ஏளா, லேசா தடவிட்டே போ" என்றாள்.

நான்காம் நாள் கண்ணாடியைப் பார்த்தேன். கறுப்பைக் காணோம். அந்த இடம் பொன்னாக மினுங்கியது. ராணி மாதிரி ஸ்டூடியோவுக்குப் போய் உட்கார்ந்தேன். கறுப்புத் துணிக்குள்ளிருந்து ஸ்டூடியோ அண்ணாச்சி கண்ணை நன்றாக விழிக்கச் சொன்னார். விழித்தேன். மறைக்க என்ன இருக்கிறது?

வெள்ளிக்கிழமை மதியம் மாமா ஸ்டூடியோவிலேயே ஒரு பிரதியை ஒட்டிய உறையோடு வாங்கிக்கொண்டு நேரே துறைமுகத்துக்குப் போய்விட்டார். இன்னொன்றை எங்கள் கடை ஆள் வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார். பிரித்தேன்.

படத்தில் இருந்த பெண்ணை யாரோ இரண்டு கண்ணிலும் மாறி மாறி முஷ்டியால் குத்தியிருந்தார்கள். விழித்த விழிப்பைப் பார்த்தால், குத்தின ஆள் இன்னும் கேமராவுக்குப் பக்கத்திலேயே நிற்கிற மாதிரி இருந்தது.

செல்லக்கனியை இழுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கு ஓடினேன். அண்ணாச்சி பதறவேயில்லை. "மஞ்சளும் செவப்பும் படம் பிடிக்கிற இந்தக் கண்ணாடித் தட்டுல கறுப்பாத்தான் விழும்மா. பூசிட்டு வாரேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா" என்றார்.

அங்கிருந்து கடற்கரைக்கு ஓட்டம். அந்தக் காலத்தில் கப்பல் கரைக்கு வராது. ஆழம் போதாமல் தூரத்தில் நிற்கும், ஆட்களை லாஞ்சில் கொண்டுபோய் ஏற்றுவார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது லாஞ்சு கிளம்பிவிட்டது. கையை ஆட்டிக் கத்தினேன். மாமா என்னைப் பார்த்துவிட்டார். வழியனுப்ப வந்திருக்கிறேன் என்று நினைத்துப் பூரித்துப்போய், உறையை உயர்த்திக் காட்டி, பத்திரமாக இருக்கிறது என்று நெஞ்சில் தட்டிக் காட்டினார்.

வீட்டுக்கு வந்த படத்தை ஒளித்துவைத்துவிட்டு யாரிடமும் மூச்சுவிடவில்லை. மூன்று வாரம் சோறு இறங்கவில்லை. பிறகு கடிதம் வந்தது. பெண் பூரண சம்மதம், கல்யாணத்தை இந்த மாதமே வைத்துவிடலாம் என்று எழுதியிருந்தார்கள். கடைசியில் ஒரு வரி: 'அதுவரை பெண்ணின் மேல் யாரும் கை நீட்டாமல் பார்த்துக்கொள்ளவும்.'

அய்யா அந்த வரியை மூன்று தடவை படித்துவிட்டு அம்மாவிடம் அர்த்தம் கேட்டார். கொழும்பில் அப்படி எழுதுவது மரியாதையாக இருக்கும் என்றாள் அம்மா.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் தாயும் மகனும் வந்து இறங்கினார்கள். மஞ்சளைத் தேய்த்துக் கழுவி, என் சொந்தக் கறுப்போடு போய் நின்றேன். மாமியார் என் முகவாயைத் தொட்டு நிமிர்த்தி, "இன்னும் ஆறலையே" என்றாள். கண் கலங்கியிருந்தது. அப்புறம், பெண்ணை அடிக்கிற தகப்பனைப் பார்க்க வேண்டும் என்கிற மாதிரி வாசலை முறைத்தபடி உட்கார்ந்தாள்.

அய்யா கடையிலிருந்து வந்தார். எறும்பை மிதிக்காத மனிதர். எனக்குக் கருவளையம் வந்ததே அவர் வழியில்தான். அவருடையது என்னுடையதைவிட ஒரு சுற்றுப் பெரிது.

மாமியார் அவர் கண்ணைப் பார்த்தாள். என் கண்ணைப் பார்த்தாள். அடுக்களையில் சோறு குழைந்துவிட்டதென்று வேலைக்காரியை ஊர் கேட்க ஏசிக்கொண்டிருந்த என் அம்மா, கையில் அகப்பையோடு அப்போதுதான் வெளியே வந்தாள். அந்த இடத்திலேயே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது.

கல்யாணம் நடந்தது. மறுநாளே கணவரிடம் உண்மையைச் சொன்னேன். புரையேறச் சிரித்தார். மாமியாரிடம்தான் அது எடுபடவில்லை. மஞ்சளைச் சொன்னேன், போட்டோத் தட்டைச் சொன்னேன், எங்கள் குடும்பத்துக் கண்ணைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் தலையைத் தடவினாள். "அப்படித்தான் சொல்லணும். பெத்தவளை விட்டுக்குடுக்கக் கூடாது."

முதல் பிரசவத்துக்கு என்னைத் தூத்துக்குடிக்கு அனுப்ப மாட்டேன் என்றுவிட்டாள். அம்மாதான் கொழும்புக்கு வந்தாள். அவள் இருந்த இரண்டு மாதமும் எங்கள் இருவருக்கும் நடுவில் மாமியார் உட்கார்ந்திருந்தாள். ஊருக்குக் கிளம்பும்போது அம்மா என்னைத் தனியாக அழைத்து, "ஒன் மாமியாருக்கு ஒம்மேல என்ன பாசம்ளா, ஒரு நிமிஷம் விட்டுப் பிரிய மாட்டேங்கா" என்று மெய்சிலிர்த்தாள். நான் ஆமாம் என்று சொல்லி வைத்தேன்.

என் பிள்ளைகள் மூன்றுக்கும் அதே கருவளையம். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது கண்ணடி கறுத்து எழுந்து வந்தால், தூங்கவில்லையா என்று ஒருவரும் கேட்பதில்லை. "தூத்துக்குடி ஆச்சி வந்துட்டுப் போனாளா?" என்றுதான் கேட்பார்கள்.