செத்தவன் வேறு தொப்பியோடு வருவான்

ரொறன்ரோவில் மரணத்தை நம்பாத ஒரே மனிதர் எங்கள் ஷெரிப் அண்ணைதான். டொக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் நம்பமாட்டார்.

எழுபதுகளின் நடுவில் ஒரு பழைய வீட்டில் ஆளுக்கோர் அறையாக இருந்தோம். கீழே நானும், என்ஜினியரிங் படிக்க வந்த மதுரை முருகேசனும். மேலே, மெத்தை செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஷெரிப் அண்ணை. கௌபோய் படங்களில் ஊர்க்காவல் பார்க்கும் ஷெரிப்பை நினைத்து நாங்கள் வைத்த பட்டப்பெயர் அது; அவருடைய சொந்தப் பெயர் பாஸ்போர்ட்டில் பத்திரமாக இருந்தது. பழைய உடுப்புக் கடையில் வாங்கிய அகல விளிம்புத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, உறைபனியிலும் காது விறைக்க விறைக்க வேலைக்குப் போவார். கம்பளித் தொப்பி போடச் சொன்னால், "உது குழந்தைப்பிள்ளையள் போடுறது" என்பார்.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம், சனிக்கிழமைப் பின்னேரங்களில் தொலைக்காட்சியில் மறுபடி மறுபடி ஓடிய ஒரு கௌபோய் தொடர். வாரம் ஒரு கதை, வாரம் ஒரு ஊர். போன வாரத்து ஆட்களைப் பற்றி இந்த வாரம் ஒரு பேச்சும் இருக்காது. தொப்பி போட்ட ஒரு கிழவர் மட்டும் தவறாமல் வந்து, இது உண்மையாக நடந்த கதை என்று சொல்லித் தொடங்கிவைப்பார். பிறகு யாராவது பாலைவனத்தில் தாகத்தால் சாவார்கள், அல்லது மரத்தில் தொங்குவார்கள். எங்களுக்கு வாய்த்த பொழுதுபோக்கு அதுதான்.

அண்ணை ஊரில் தொலைக்காட்சியைக் கண்ணாலும் கண்டதில்லை. வந்த புதிதில், ஒரு குதிரைத் திருடனைத் தூக்கில் போட்டதைப் பார்த்துவிட்டு அன்று சாப்பாடே வேண்டாம் என்று படுத்துவிட்டார். சில வாரம் கழித்து அதே முகம் ஒரு சாராயக் கடையில் கோப்பை துடைத்துக்கொண்டு நின்றது. அண்ணை கதிரையை விட்டுத் துள்ளி எழும்பினார்.

"உவன் தப்பியிட்டான்! பாருங்கோடா, தொப்பியை மாத்திப்போட்டு நிக்கிறான்!"

"அண்ணே, அவன் நடிகண்ணே. அன்னைக்கு ஒரு வேஷம், இன்னைக்கு ஒரு வேஷம்" என்றான் முருகேசன்.

"உண்மைக் கதை எண்டு அந்தக் கிழவன் சொன்னவனெல்லே? அந்த வயசில பொய் சொல்லுவானே?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் செத்தவர்கள் வரிசையாகத் திரும்பி வரத் தொடங்கினார்கள். சுடப்பட்டவன் பாதிரியாராக வந்தான். பாம்பு கடித்துச் செத்தவள் பள்ளிக்கூட ரீச்சராக வந்தாள். ஒவ்வொரு முறையும் அண்ணை எங்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்துக் கொண்டாடினார். இந்தத் தொடர் முன்பு வானொலியில் வந்ததாகவும் தான் சின்ன வயதில் கேட்டிருப்பதாகவும் வாடகை வாங்க வந்த வீட்டுக்காரி ஒருநாள் சொன்னாள். அண்ணைக்கு வந்ததே கவலை!

"ரேடியோவில முகம் தெரியாதே. எத்தினை பேர் தப்பி வந்தவங்களோ, பாவங்கள், ஒருத்தரும் கண்டிருக்கமாட்டினம்."

தொழிற்சாலையில் கூட வேலை செய்த போலந்துக்காரர் ஒருவர் இறந்தபோது நாங்களும் துணைக்குப் போனோம். அண்ணை பெட்டிக்குள் குனிந்து, "தொப்பியை மாத்திக்கொண்டு கெதியா வா" என்றார். எங்கள் சமயத்துப் பிரார்த்தனை என்று நினைத்து, பக்கத்தில் நின்ற அவருடைய மனைவி "ஆமென்" என்றாள். முருகேசன் என் கையைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினான்.

அண்ணைக்கு ஒரே ஒரு தம்பி. இலங்கையின் தெற்கே ஒரு ஊரில் வேலை. எப்படியாவது அவனை இங்கே கூப்பிட்டுவிட வேண்டும் என்பதுதான் அண்ணையின் ஒரே நினைப்பு. மேலறையில் அவனுக்கு ஒரு கட்டில் விரித்து வைத்திருந்தார். கதவுக்குப் பின்னால் ஆணியில் அவனுக்கென்று வாங்கிய இன்னொரு தொப்பி தொங்கியது.

எழுபத்தேழில் இலங்கையில் தமிழருக்கு எதிராகக் கலவரம் வந்தது. தெற்கிலிருந்து கப்பல் கப்பலாகச் சனங்கள் வடக்கே காங்கேசன்துறையில் வந்து இறங்கினார்கள். தம்பி இறங்கவில்லை. அந்த நாட்களில் பாலைவனக் கதை ஒன்றில் ஒரு இளம் வண்டிக்காரன் தண்ணீரில்லாமல் செத்தான். "உவன் வருவான்" என்றார் அண்ணை. நாங்கள் சிரிக்கவில்லை. அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் மூன்று பேரும் அந்த முகத்தைத்தான் தேடினோம்.

முகம் வருவதற்கு முன்னால் ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. தம்பியை அடித்துக் கொன்றுவிட்டார்கள். கண்ணால் கண்டவர்கள் வந்து சொல்லியிருந்தார்கள். அண்ணை "ஓம், ஓம்" என்று கேட்டுவிட்டு ரிசீவரை வைத்தார். அதன் பிறகு வேலைக்குப் போவார், வருவார், மேலே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். சனிக்கிழமைகளிலும் இறங்கி வரவில்லை.

ஒரு சனிக்கிழமை அந்த வண்டிக்காரன் வந்தான். மீசை வைத்துக்கொண்டு, பலசரக்குக் கடையில் மாவு நிறுத்துக்கொண்டிருந்தான். நடிகன் நடிகன் என்று தொண்டை கிழியக் கத்திய முருகேசனேதான் படிகளில் தாவி ஓடினான்.

"அண்ணே! ஓடி வாங்கண்ணே! செத்தவன் வந்துட்டாண்ணே!"

அண்ணை இறங்கி வந்தார். நின்றபடியே அந்த முகத்தைப் பார்த்தார்.

"உவன் நடிகன், தம்பி" என்றார். "எனக்கு முதலே தெரியும்."

"பிறகேன் அண்ணை இவ்வளவு நாளும்?" என்று நான் கேட்டேன்.

"என்ரை தம்பி அங்க தனிய இருந்தவன். எனக்கோ ஒவ்வொரு நாளும் பயம். அதுதான், செத்தவன் திரும்பி வருவான் எண்டு நம்பிப் பழகிப் பாத்தனான்."

முருகேசன் குலுங்கிக் குலுங்கி அழுதான். அவன் முதுகைத் தடவிக்கொடுத்தது அண்ணைதான். பிறகு குசினிக்குப் போய் மூன்று பேருக்கும் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார்.

மறு வருடம் பக்கத்து நகரமான ஒஷாவாவில் வேலை கிடைத்து அண்ணை போனார். போகும்போது தம்பியின் தொப்பியை என் தலையில் வைத்து, "போடடா, காது விறைச்சாலும் பரவாயில்லை" என்றார்.

போன மாதம் ஒஷாவாவில் ஷெரிப் அண்ணை காலமாகிவிட்டார் என்கிறார்கள். நானே போய்ப் பார்த்தேன், மலரும் வைத்தேன். ஆனாலும் அந்தத் தொப்பியைத் தூசி தட்டி வாசலில் மாட்டியிருக்கிறேன். மாற்றிக்கொண்டு வருவதற்கு அவருக்கு ஒன்று வேண்டுமே.