பனிப்பலகை மாப்பிள்ளையும் அலைப்பலகை மாப்பிள்ளையும்

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இரண்டு மாப்பிள்ளைகள் ஒட்டப்பட்டிருந்தார்கள்.

வலப்பக்கத்தில் இருந்தவர் கீதன். கனடாவில், அஜின்கோர்ட்டில் தாயாருடன் வசிப்பவர். இரண்டு கால்களையும் ஒரே பலகையில் பூட்டிக்கொண்டு, பனிச்சரிவின் மேல் எதையும் தொடாமல் அந்தரத்தில் நின்றார். இடப்பக்கத்தில் இருந்தவர் ஜதுர்சன். சிட்னிவாசி. தம்மைவிட உயர்ந்த அலையொன்றின் வயிற்றுக்குள், வேறொரு பலகையின் மேல், கைகளை விரித்து நின்றார். இருவருடைய சாதகமும் பொருந்தியிருந்தது. இருவருக்கும் கம்பியூட்டர் வேலை. இருவரும் தொலைபேசியில் மரியாதையாகப் பேசியிருந்தார்கள்.

"ரண்டு பேரும் நல்ல ஆக்கள்தான்" என்றாள் நிலாணி. "ஆனா ரண்டு பேருக்கும் விசர். எந்த விளையாட்டிலை கை கால் குறைய முறியுமோ, அந்த ஆளுக்கு ஓம் சொல்லுறன். சீரியஸாத்தான் சொல்லுறன் அப்பா, வீல்செயார் தள்ள என்னாலை ஏலாது."

தில்லையம்பலத்துக்கு இருந்தது ஒரே மகள். வோபர்னில் அவர் வீட்டு வாசலில் பஸ் ஏறினால் கீதன் வீட்டு வாசலில் இறங்கலாம். சிட்னியோ உலகத்தின் மறுபுறத்தில் இருந்தது. ஆகவே, பனிப்பலகைதான் பத்திரமானது என்பது அவருடைய முடிவு. ஆதாரம் தேடுவதொன்றே பாக்கி.

மனைவி புனிதவதியின் முடிவு வேறு. அவருடைய தங்கை சிட்னியில் இருந்தாள்.

"கடல் எண்டால் சுறா இருக்கும்" என்று தொடங்கினார் தில்லையம்பலம். "சிட்னிச் சகலனையே கேப்பம். எல்லாரும் கேளுங்கோ."

கோலிங் கார்ட்டைச் சுரண்டி, இலக்கங்களை அழுத்தி, ஸ்பீக்கரையும் போட்டுவிட்டார். அவர் செய்த முதற்பிழை அது.

"சேர்ஃபிங்கோ, அண்ணை?" என்றது சகலனின் குரல். "விடிய வெள்ளன நான் கடற்கரைக்குப் போறதே அதைப் பாக்கத்தான். தூரத்திலை அலை ஒரு கோடு மாதிரி வரும். பொடியள் குப்புறப் படுத்துக்கொண்டு காவல் இருப்பினம். அலை வந்து தூக்கின உடனை எழும்பி நிப்பினம், பாருங்கோ! வீடு உயரத் தண்ணி ஒண்டு ஒரு மனிசனைத் தோளிலை வைச்சுக் கொண்டுவந்து கரையிலை இறக்கி விடுது. நான் வாய் பிளந்துகொண்டு நிப்பன்."

"விழுந்தால்?"

"தண்ணிதானே, அண்ணை. பலகை திரும்பி வந்து நெத்தியிலை ஒண்டு போடும். ரண்டு தையல், அவ்வளவுதான்."

"சுறா?"

"நான் இஞ்சை சுறாவைக் கண்டது சோத்துக் கோப்பையிலை, வறையாத்தான்."

புனிதவதி எழுந்து, சிட்னி மாப்பிள்ளையின் படத்தைச் சற்று மேலே ஒட்டினார்.

தில்லையம்பலம் தளரவில்லை. மேல்மாடியில் வாடகைக்கு இருந்த வேரோனிக்கா மன்னாரைச் சேர்ந்த தாதி. மருத்துவமனையில் அவசரப் பிரிவில் வேலை. அவளைத் தேநீருக்கு அழைத்து, மனைவி முன்னிலையில் உட்கார வைத்தார்.

"பிள்ளை, பனி எண்டால் பஞ்சுதானே? அதிலை விழுந்தால் என்ன நோகப் போகுது? சொல்லும்."

"ஆர் அங்கிள் உங்களுக்குச் சொன்னது?" வேரோனிக்கா வடையைக் கீழே வைத்தாள். "ஆக்கள் மேலை போய்வர அது இறுகிச் சீமெந்து மாதிரி வந்திடும். கால் ரண்டும் பலகையிலை பூட்டியிருக்கும். விழேக்கை கையைத்தான் ஊண்டுவினம். மணிக்கட்டு போம். தோள் அடிபட்டால் காறையெலும்பு போம். தலை அடிபட்டால், சொல்லவே வேண்டாம்."

"ஆனா கடலிலை மாதிரி ஒருத்தரும் தாண்டு சாகிறேல்லை?"

"பனியிலை எப்பிடி அங்கிள் தாழுறது?"

"கேட்டியே புனிதம்!" என்றார் தில்லையம்பலம்.

"கேட்டனான். மணிக்கட்டு, காறையெலும்பு, தலை" என்றார் புனிதவதி.

இனி நேரில் காட்டுவதே வழி என்று தில்லையம்பலம் துணிந்தார். ஞாயிற்றுக்கிழமை கீதனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, மனைவியையும் மகளையும் காரில் ஏற்றிக்கொண்டு, நகருக்கு வடக்கே இருந்த பனிச்சறுக்கு மலைக்குச் சென்றார்.

ஈழத்தின் மலைநாட்டைப் பார்த்தவர்கள் அதை மலை என்று ஒப்பமாட்டார்கள். ஆயினும் அன்று வெயில் எறித்தது. சரிவு முழுவதும், கண் கூசும்படி, வெள்ளைத்தாள் போல விரிந்து கிடந்தது. உச்சியில் ஒரு கரும்புள்ளி தோன்றியது. அது கீதன்.

புள்ளி இறங்கியது. வலமும் இடமுமாகச் சாய்ந்து, யாரோ ஒருவர் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டு வருவதுபோல, அந்த வெண்மையில் வளைவுகளை இழுத்துக்கொண்டு வந்தது. ஒவ்வொரு வளைவிலும் பனித்தூள் எழுந்தது. தூளுக்குள் வெயில் புகுந்து மின்னியது. பட்டுத்துணியைக் கிழிப்பது போன்ற ஓசை மட்டும் கேட்டது. பிறகு ஒரு மேடு வந்தது, ஓசையும் நின்றது. கீதன் ஆகாயத்தில் இருந்தார். அவருக்கும் பூமிக்கும் இடையே அவருடைய நிழலைத் தவிர வேறெந்தத் தொடர்பும் இல்லை.

புனிதவதி, அந்தக் குளிரிலும், கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மடித்து வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

"முருகா, பிள்ளை பறக்குது!"

தில்லையம்பலம் வென்றுவிட்டார். சரியாக அந்நேரத்தில், செஞ்சட்டை அணிந்த மீட்புப் பணியாளர் இருவர் தூக்குப்படுக்கை ஒன்றை இழுத்துக்கொண்டு அவர்களைக் கடந்து போனார்கள். அதில் படுத்திருந்தவர் முனகினார்.

புனிதவதி கையுறைகளைத் திரும்ப மாட்டினார். "சிட்னி" என்றார்.

"அது கவனமில்லாத ஆள்!" தில்லையம்பலம் பதறினார். "உதிலை என்ன இருக்கு? நான் ஏறிக் காட்டுறன். தம்பி கீதன், அந்தப் பலகையை ஒருக்காத் தாரும்."

"அங்கிள், வேண்டாம். முதல் விழப் பழக வேணும்."

"நான் விழ வரேல்லைத் தம்பி."

குழந்தைகள் பழகும் சரிவில் அவர் நிறுத்தப்பட்டார். கீதன் பிடித்த பிடியை விட மனமில்லாமல் விட்டார்.

கனடாவுக்கு வந்த நாள்முதல், பனி என்றால் வாசலில் வழித்துத் தள்ளும் பாரம் என்று மட்டுமே தில்லையம்பலம் அறிந்திருந்தார். அது ஒருவரைத் தூக்கிச் செல்லும் என்று எவரும் அவருக்குச் சொன்னதில்லை. அவர் கால் எடுத்து வைக்கவில்லை. உலகம் தானாகவே பின்னால் போயிற்று. முழங்கால் நோவும், முதுகுப் பிடிப்பும், தொழிற்சாலையில் நின்று நின்று வீங்கிய பாதங்களும் யாருக்கோ சொந்தமானவையாயின. காற்று முகத்தில் அறைந்தது, கண்ணில் நீர் வழிந்தது, அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

பிறகு வேலி வந்தது. வேரோனிக்கா சொல்லியிருந்தபடியே கையை ஊன்றினார். வேரோனிக்கா சொல்லியிருந்தபடியே மணிக்கட்டும் போயிற்று.

ஓடிவந்த மனைவியை அவர் பனியில் கிடந்தபடி அண்ணாந்து பார்த்தார்.

"புனிதம், நான் பறந்தனான்."

"பறந்த ஆளின்ரை கையைப் பாருங்கோ! இன்னும் ஒரு சொல்லுக் கதைச்சியள் எண்டால் மற்றதையும் நானே முறிப்பன்!"

கீதன் தம்முடைய மேலங்கியைக் கழற்றி அவருக்குப் போர்த்தினார். கழுத்துச் சால்வையால் கையைத் தூக்கிக் கட்டினார். மருத்துவமனையில் மாவு கட்டி முடியும்வரை, முகம் வெளிறி, பக்கத்தை விட்டு அகலாமல் இருந்தார். புனிதவதிக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்தார். நிலாணி அனைத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீடு திரும்பும்போது அவள்தான் காரை ஓட்டினாள்.

"அப்பா, கடல்தான் பத்திரம் எண்டு இப்ப நினைக்கிறன். ஆனா கை முறிஞ்சால் பக்கத்திலை இருக்கிறதுக்கு இவர்தான் சரி. எனக்குக் கீதன் ஓகே."

புனிதவதி கையுறைகளைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, "நல்ல பொடியன்தான்" என்றார்.

அன்றே சிட்னிக்கு மறுப்புச் சொல்லப்பட்டது. தில்லையம்பலம் ஒற்றைக் கையால் சோறு பிசைந்து, இத்தனை காலத்தில் உண்ணாத ருசியோடு உண்டார். மகள் பஸ் தூரத்தில் இருப்பாள். அதற்கு ஒரு மணிக்கட்டு பெரிய விலையன்று.

அடுத்த சனிக்கிழமை, கீதனின் தாயார் அருள்நாயகி பலகாரத் தட்டோடு வந்தார். மாவு கட்டிய கையைத் தலையணைமேல் வைத்து, படையெடுத்து வென்று திரும்பியவரைப் போல அமர்ந்திருந்தார் தில்லையம்பலம்.

"உங்களுக்குத்தான் அண்ணை நான் நன்றி சொல்ல வேணும்" என்றார் அருள்நாயகி. "எத்தினை வருசமாச் சொல்லிப் பாத்தன், கேக்கேல்லை. நீங்கள் விழுந்ததைக் கண்ணாலை கண்ட அண்டைக்குப் பயந்தவன்தான், அந்தப் பலகையை வித்தே போட்டான். இனிப் பனிப்பக்கமே போகமாட்டானாம்."

"ஐயோ, நல்ல விளையாட்டு!" என்றார் தில்லையம்பலம், உண்மையான வருத்தத்தோடு.

"விடுங்கோ, நல்லதாப் போச்சு" என்றார் புனிதவதி, தேநீரை நீட்டியபடி.

"ஓம் அக்கா," என்று கோப்பையை வாங்கிக்கொண்டார் அருள்நாயகி, "உந்த மலையை விட்டிட்டுப் போகமாட்டன் எண்டு ஒரு வருசமாத் தட்டிக் கழிச்சுக்கொண்டிருந்த சிட்னி வேலைக்கு, நேற்றுத்தான் ஓம் எண்டு சொன்னவன்."