சைன் முப்பதுக்கு மைனஸ்

பன்னிரண்டு கணக்கு வாத்தியார்கள் முன்னால் நின்றுகொண்டு, சைன் முப்பதின் மதிப்பு பாடப்புத்தகத்தில் தப்பாக இருக்கிறது என்று சொன்னவன் நான். (சொன்னபோது நல்ல சுயநினைவோடுதான் இருந்தேன். சட்டையை வேறு இன் பண்ணியிருந்தேன்.)

தொண்ணூறுகளின் நடுவில், அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்திருந்தேன். பள்ளிக்கு யாரோ ஒரு கம்ப்யூட்டரை நன்கொடையாகக் கொடுத்திருந்தார்கள். தலைமையாசிரியர் அதற்குப் பூப்போட்ட துணி போர்த்தித் தன் அறையில் வைத்துப் பூட்டிவிட்டார். பிள்ளைகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். சாமியைக்கூட இதைவிடப் பக்கத்தில் பார்க்கலாம்.

அப்போதுதான் துபாயிலிருந்து லீவில் வந்த என் சிநேகிதன் ஜலால் ஒரு பிளாப்பியை நீட்டினான். பள்ளிக்கூடக் கணக்குகளைப் போட்டு, கிராப்பும் வரைந்து காட்டும் மென்பொருள் அதில் இருந்தது.

"ஏலே, இது ஓசி. எத்தன பேருக்கு வேணும்னாலும் காப்பி போட்டுக் குடு. எவனும் கேக்க மாட்டான்."

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை அதில் உட்காரவைக்க வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் கெஞ்சினேன்.

"சனிக்கெழம சுத்துப்பட்டு வாத்தியார்களக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டுங்க. அவுக நல்லாருக்குன்னு சொன்னா பிள்ளைகளத் தொட விடுறேன். இல்லேன்னா இந்தத் துணியை எடுக்க மாட்டேன்" என்றார்.

பாலவனத்தம், திருச்சுழி, எம்.ரெட்டியபட்டி என்று பல ஊர்களிலிருந்து பன்னிரண்டு பேர் வந்தார்கள். ஆளுக்கொரு பிளாப்பி இலவசமாகக் கொடுத்தேன். (அவர்கள் பள்ளிகள் எதிலும் கம்ப்யூட்டரே கிடையாது. நான் கேட்கவில்லை. ஓசியில் வருவதைக் கெடுப்பானேன் என்று அவர்களும் சொல்லவில்லை.)

மென்பொருள் முதலில் ஒரு பரவளையத்தை அழகாக வரைந்தது. கைதட்டினார்கள். அத்தோடு நிறுத்தி வடையைப் பரிமாறியிருக்க வேண்டும். "எத வேணும்னாலும் கேளுங்க சார், இதுக்குத் தப்பே வராது" என்று மார்தட்டினேன்.

"சைன் முப்பது போடுங்க தம்பி" என்றார் எம்.ரெட்டியபட்டி கருப்பையா சார். அங்கிருந்தவர்களில் மூத்தவர் அவர்தான்.

விடை அரை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பத்தாம் வகுப்பில் கடைசி பெஞ்சுகூடச் சொல்லும். திரையில் வந்தது மைனஸ் 0.988.

"மைனஸா? தொண்ணூறு போடுங்க."

ஒன்று வர வேண்டும். 0.894 வந்தது.

மளிகைக் கடைக் குடும்பத்திலிருந்து வந்த பாலவனத்தம் வாத்தியார், "ஓசிங்கிறதால எடையில கொறைக்கான் போல" என்றார். அறையே குலுங்கியது. அந்த நேரத்தில்தான் என் வாய் தானாகத் திறந்தது.

"சார், புத்தகத்துல இருக்கறது பழைய மதிப்பு. வெளிநாட்டுல திருத்திட்டாங்க."

கருப்பையா சார் சிரிக்கவில்லை. "முப்பது வருசமா அரைன்னு சொல்லிக் குடுத்துட்டேனே தம்பி. அம்புட்டுப் பிள்ளைகளுக்கும் லெட்டர் போடணுமோ?" என்று கவலையோடு கேட்டார்.

தலைமையாசிரியர் எழுந்துவந்து தன் கையாலேயே துணியைப் போர்த்தினார்.

மறுநாள் முகத்தில் சோப்பு நுரையோடு சவரம் செய்துகொண்டிருந்தபோது உறைத்தது. கோணத்தை அளக்க டிகிரியைப் போல ரேடியன் என்று இன்னொரு அளவும் உண்டு. நாமாக டிகிரிக்கு மாற்றாவிட்டால், அந்த மென்பொருள் எந்தக் கோணத்தையும் ரேடியனாகத்தான் எடுத்துக்கொள்ளும். முதல் திரையிலேயே அதை எழுதியிருந்தார்கள். வாசிக்காமல் என்டரைத் தட்டுவதுதான் அன்றைக்கு என் மொத்தக் கம்ப்யூட்டர் அறிவு. கல்லூரியில் மூன்று வருஷம் ரேடியனோடு குடித்தனம் நடத்திய எனக்கு வெட்கத்தில் சாப்பாடு இறங்கவில்லை. என் வாய்க்கொழுப்புக்குப் பிள்ளைகள் ஏன் பட்டினி கிடக்க வேண்டும் என்பதுதான் அதைவிட வலித்தது.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாகத் தலைமையாசிரியரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். டிகிரிக்கு மாற்றிப் போட்டும் காட்டினேன். சமர்த்தாக 0.5 வந்தது.

"அப்ப மிசினு மேல தப்பில்ல?"

"இல்ல சார்."

"ஓசியில குடுத்தவுக மேலயும் தப்பில்ல?"

"இல்ல சார். எல்லாம் எம் மேலதான்."

துணியை மடித்து மேசைமேல் வைத்தார். "அப்பச் சரி. வாரத்துல ரெண்டு நாளு பிள்ளைக தொடட்டும். நீங்க தொடாதீக."

சொன்னதைக் காப்பாற்றினார். அவர் ஓய்வு பெறும்வரை, கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றுதான் அந்தப் பாடத்தை நடத்தினேன்.

யாருக்கும் லெட்டர் போட வேண்டாம் என்று கருப்பையா சாரிடமும் உண்மையைச் சொல்லியிருந்தேன். இது வாத்தியார்களோடு போயிருக்கும். என் கல்யாணத்துக்கு வந்த கருப்பையா சார் வாழ்த்துரை என்ற பெயரில் முழுக்கதையையும் மைக்கில் சொல்லிவிட்டார். மணமேடையில் பக்கத்தில் இருந்தவள் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டாள். இன்றுவரை வீட்டில் நான் எதையாவது அடித்துச் சொன்னால் அவள் சண்டைக்கு வருவதில்லை. பிள்ளைகள் பக்கம் திரும்பி, "அப்பா ரேடியன்ல சொல்றாக. நீங்க டிகிரிக்கு மாத்திக்கோங்க" என்பாள்.