மூன்றாவது அழைப்பு

முதல் தடவை கேட்டால் மறுக்க வேண்டும். இரண்டாம் தடவை தயங்க வேண்டும். மூன்றாம் தடவை, ‘உங்கள் விருப்பம்’ என்று தலையைக் குனிந்துகொள்ள வேண்டும்.

கணக்கு டீச்சர் மனதுக்குள் இப்படிக் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். எதிர்பார்த்தபடியே போதகர் தொலைபேசியில் கேட்டார்.

"பெண்கள் கூட்டத்துல தாழ்மையைப் பத்தி நீங்கதான் பேசணும் டீச்சர்."

"எனக்கென்ன தகுதி இருக்கு ஐயா?"

"அப்படியா? சரிம்மா, உங்க நாத்தனாரைக் கேட்டுக்கறேன்."

வைத்துவிட்டார். டீச்சர் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு?" என்றார் கணவர்.

"போதகர். இன்னும் ரெண்டு தடவை கூப்பிடுவார்."

கூப்பிடவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர் வழியிலேயே போய் நின்றாள்.

"ஒரேயடியா மாட்டேன்னு சொன்னதா எடுத்துக்காதீங்க ஐயா. எந்த ஊழியம்னாலும் செய்வேன்."

போதகரின் முகம் மலர்ந்தது. "கர்த்தர் பெரியவர். டீ டம்ளர் கழுவ ஒரு ஆள் குறையுதேன்னு இப்பதான் கவலைப்பட்டேன்."

அன்று சாயங்காலமே நாத்தனார் வந்துவிட்டாள்.

"அண்ணி, மேடைன்னாலே எனக்குக் கை கால் உதறும். என்ன பேசறதுன்னு சொல்லிக் குடுங்களேன்."

மலைக்க வைத்தால் தானாக விலகிக்கொள்வாள் என்று டீச்சர் கணக்குப் போட்டாள். குளியலறையில் பேசிப் பேசிப் பழகியிருந்த பிரசங்கத்தை, வசனங்களோடு மூச்சுவிடாமல் கொட்டினாள். நாத்தனார் மலைக்கவில்லை. செல்போனில் பதிவு செய்துகொண்டு போனாள்.

கூட்டத்தன்று, சமையலறைத் தொட்டியருகே இன்னும் மூன்று பெண்களோடு டம்ளர் கழுவியபடி, சுவருக்கு அந்தப் பக்கம் ஒலித்த தன் பிரசங்கத்தைக் கேட்டாள். தான் நிறுத்த நினைத்திருந்த இடத்தில் நாத்தனாரும் நிறுத்தினாள். கைதட்டல் எழுந்தது. டீச்சர் கையிலிருந்த டம்ளர் தேய்ந்துவிடும் போலிருந்தது.

போதகர் வேகமாக உள்ளே வந்தார். "எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுதான்னு உங்க நாத்தனார் மேடையிலேயே சொல்லிட்டாங்க. தாழ்மைன்னா இதுதான் டீச்சர். வாங்க, எல்லாரும் உங்களைப் பாக்கணும்."

"வரலை ஐயா."

"சும்மா வாங்க."

"வரலை."

"எத்தனை தடவை கேக்கறது? வாங்க டீச்சர்."

மூன்றாவது. இத்தனை நாள் இதற்குத்தானே காத்திருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு நடந்தால் போதும். ஆனால் தாழ்மைக்கு அடையாளமாக அங்கே போய் நிற்கப்போவது யார்? உள்ளுக்குள் குமைந்து குமைந்து டம்ளரோடு சண்டை போட்ட இவளா?

"எனக்குப் பேச ஆசையா இருந்துச்சு ஐயா. அதை மறைக்கத்தான் தகுதி இல்லைன்னு சொன்னேன். அந்தப் பொய்க்கு எனக்குக் கைதட்டு வேண்டாம்."

அதிராமல் சொல்லிவிட்டு அடுத்த டம்ளரை எடுத்தாள். போதகர் வந்த வழியே போனார்.

மற்ற மூவரின் கைகளும் அப்படியே நின்றிருந்தன. பக்கத்திலிருந்த தையல்கார அக்கா சோப்பை டீச்சர் பக்கம் நகர்த்தினாள்.

"போன வருஷம் பேசறதுக்கு என்னைத்தான் கூப்பிட்டார். அதுக்கு முந்தி இவங்களை, அதுக்கும் முந்தி அவங்களை. தகுதி இல்லைன்னு சொன்ன எல்லாரும் இங்கதான் டீச்சர் இருக்கோம்."