ஒரு கிண்ணம் பருப்பு சாதம், சூளகிரி வரைக்கும்

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். குழந்தைக்குச் சோறு ஊட்டணும்.

அவ்வளவுதாங்க!

ஐம்பதுகள்ல நடந்தது இது. ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவுல எங்க வீடு. முன்பக்கத்துலயே சைக்கிள் கடை. பஞ்சர் ஒட்டறது, வாடகைக்கு சைக்கிள் விடறது. ஊர்ல ஓடற பாதி டயருக்கு என் கைக்காத்துதான்.

என் பொண்ணு வள்ளிக்கு அப்ப ஒண்ணரை வயசு. காய்ச்சல்ல கெடந்து எந்திரிச்சிருந்தா. காய்ச்சல் போயிடுச்சு. போகும்போது பசியையும் கையோட கூட்டிக்கிட்டுப் போயிடுச்சு. எதைக் கொண்டுபோனாலும் வாயை இறுக்கி மூடிக்குவா. கன்னம் ஒட்டிப் போச்சு. தூக்கினா கையில கனமே தெரியல. "உள்ள ஆகாரம் போகணும்பா, இல்லேன்னா மறுபடி படுத்துரும்"னு டாக்டர் வேற சொல்லிட்டார்.

என் சம்சாரம் சரோஜா அவகிட்ட கெஞ்சிக் கெஞ்சியே ஓஞ்சு போயிட்டா. அந்த நேரம் பாத்து, கிருஷ்ணகிரியில அவ அக்காவுக்குக் குழந்தை பொறந்திருக்குன்னு சேதி வந்துச்சு. போய்ப் பாக்க ஆசை. பச்சக் குழந்தை இருக்கற வீட்டுக்குக் காய்ச்சல் விட்ட பிள்ளையத் தூக்கிட்டுப் போக முடியாது. விட்டுட்டுப் போகவும் பயம்.

"நீ போய்ட்டு வா. நான் பாத்துக்கறேன்"னேன்.

"நீங்களா?"

"ஏன்? டியூபுக்குள்ள காத்து ஏத்தறவனுக்கு ஒரு வயித்துக்குள்ள சோறு ஏத்தத் தெரியாதா?"

அவ ஒரு பார்வை பாத்தா. அப்பறம் காலை பஸ்ஸுல கெளம்பிப் போயிட்டா.

கடையை மூடினேன். பனியனோட அடுப்படிக்குள்ள போனேன். ராகிக் கூழ்தான் முதல்ல. சத்துக்குச் சத்து, சுருக்கா வேலை முடியும். கொதிக்கற தண்ணியில மாவைக் கொட்டினேன்.

நேரா கொட்டினேங்க! பச்சைத் தண்ணியில கரைச்சுட்டு அப்பறம் ஊத்தணும்னு எனக்கு யார் சொன்னா?

சட்டி பூரா குண்டு குண்டா மெதக்குது. சைக்கிள் பேரிங்குல போடற குண்டு மாதிரியே இருந்துச்சு. வெல்லம் போட்டுக் கலக்கினேன். இனிப்பான குண்டு ஆச்சு.

வள்ளி ஒண்ணை வாயில வாங்கினா. என்னைப் பாத்தா. மெதுவா வெளிய தள்ளினா.

மிச்சத்தைத் தெரு நாய்க்கு வெச்சேன். மோந்து பாத்துட்டு, எனக்கு வருத்தமா இருக்கக் கூடாதுன்னு கொஞ்ச நேரம் பக்கத்துல நின்னுட்டுப் போச்சு.

அடுத்தது வாழைப்பழம். மசிச்சுப் பால் விட்டுக் குழைச்சுக் கொடுத்தேன். அதை வாங்கித் தன் தலையில தேச்சுக்கிட்டா. தொடைக்கப் போன என் தலையிலயும் தேச்சா.

அப்பறம் இட்லி. ஓட்டல்ல வாங்கிட்டு வந்து வெந்நீர்ல நனைச்சுப் பிசைஞ்சேன். வாயே தொறக்கல.

கடைசியா எனக்குத் தெரிஞ்ச பெரிய வித்தையைக் காட்டினேன். சோத்தைக் குழைய வடிச்சு, பாசிப்பருப்பு போட்டு, நெய் விட்டு, ஒரு கரண்டி ரசம் சேத்துக் கையாலயே மசிச்சேன். நானே ஒரு வாய் தின்னு பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு! வள்ளி மட்டும் பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா.

மத்தியானம் தாண்டிடுச்சு. காலையிலேர்ந்து உள்ள போனது ரெண்டு முழுங்கு பால். சரோஜா வந்து கேட்டா என்ன சொல்றது? அதைவிட, பிள்ளை மறுபடி படுத்துட்டா?

அப்பதான் தெருமுனையில பஸ் ஹாரன் சத்தம். பாம் பாம்! வள்ளி வாயைப் பொளந்து அந்தப் பக்கம் திரும்பினா.

பொளந்த வாயைப் பாத்தேன். டக்குனு ஒரு வாய் வெச்சேன். முழுங்கிட்டா!

இவ்வளவுதானா சங்கதி! கிண்ணத்தை ஒரு கையில, பிள்ளையை ஒரு கையில தூக்கிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். பனியனோடதான். செருப்பும் இல்ல.

கிருஷ்ணகிரி பஸ் நின்னுட்டிருந்துச்சு. கீழ நின்னு காட்டினேன். பத்தல. உள்ள போகணும்னு கை நீட்டி அழுதா. கண்டக்டர் நஞ்சுண்டன் நம்ம கடையில சைக்கிளுக்குக் காத்து அடிக்க வர்ற ஆளுதான்.

"உள்ள உக்காத்தி வெச்சு ஊட்டு, மாமா. வண்டி இப்பக் கெளம்பாது"ன்னார்.

அவர் சொன்னது நெஜம்தான். அந்த வண்டியை முன்னாடி இரும்பு ஹேண்டில் போட்டுச் சுத்தித்தான் ஸ்டார்ட் பண்ணணும். கிளீனர் சுத்துவான், நிப்பான், வேர்வையைத் தொடைப்பான், வண்டியைத் திட்டுவான், மறுபடி சுத்துவான். அது முடியறதுக்குள்ள ஒரு கல்யாணப் பந்திக்கே சோறு போட்டுடலாம். அதை நம்பி ஜன்னலோரமா உக்காந்தேன்.

அன்னிக்குன்னு பாத்து ஒரே சுத்துல ஸ்டார்ட் ஆயிடுச்சு!

"ரைட்!"

வண்டி ஆடிக்கிட்டே நகருது. வள்ளிக்கு ஒரே சந்தோஷம். வாய் தானா தொறந்துச்சு. அடுத்த வாயை வெச்சேன். அதுக்கடுத்த வாயும் வெச்சேன். ஊட்டற ஆனந்தத்துல நான் நிமிரவே இல்ல. நிமிர்ந்தப்ப ஊர் முடிஞ்சு போச்சு.

"நிறுத்துங்க! நிறுத்துங்க! நான் பிரயாணி இல்லீங்க!"

பஸ்ஸு முழுக்கத் திரும்பிப் பாத்துச்சு. டிரைவர் பிரேக் போட்டார். வண்டி நின்ன அந்த நிமிஷமே வள்ளி வாயை மூடினா. மூடிக்கிட்டே அழுதா.

முன் சீட்டுல ஒரு கன்னடக்கார அம்மா. "யாக்கப்பா மகூன அளிஸ்தீயா?"ன்னு சத்தம் போட்டாங்க. குழந்தையை ஏன் அழ வெக்கறன்னு என்னைத்தான் கேக்கறாங்க.

"காய்ச்சல் வந்து எந்திரிச்சதுங்க. ஒரு வாரமா ஒண்ணும் சாப்பிடல. வண்டி ஓடினாத்தான் வாயத் தொறக்குது"ன்னேன்.

அவ்வளவுதான்! அத்தனை பேரும் கண்டக்டர் மேல பாஞ்சுட்டாங்க.

"பிள்ளை சாப்பிடுது, வண்டிய ஏம்பா நிறுத்தின?"

"நான் எங்க நிறுத்தினேன்? இவருதான்!"

"அவருக்கென்ன தெரியும்? நீ எடு!"

நஞ்சுண்டன் என்கிட்ட வந்தார். "மாமா, எறங்கறியா, வர்றியா?"

கிண்ணத்தைப் பாத்தேன். பாதி சோறு இருந்துச்சு. வள்ளியைப் பாத்தேன். மேல் சட்டை இல்ல, வீட்டைப் பூட்டல, எங்க போறோம்னு யார்கிட்டயும் சொல்லல.

"வண்டிய எடுங்க"ன்னேன்.

"ரைட்!"

வாய் தொறந்துச்சு.

டிக்கெட் கேக்க வாயெடுத்த நஞ்சுண்டன் என் பனியனை மேலயும் கீழயும் பாத்தார். "சட்டையும் ஜோபியும் இல்லாத ஆளுகிட்ட என்னத்தக் கேக்கறது? சூளகிரியில எறங்கிக்க. சாயங்கால வண்டியில ஓசூருக்கு ஏத்தி விடச் சொல்றேன்"ன்னார்.

கொஞ்ச தூரம் போனதும் அவரே ஒண்ணைக் கண்டுபிடிச்சார். வண்டி ஓடறதை விட 'ரைட்'டுங்கற சத்தம்தான் வேலை செய்யுது! அவர் 'ரைட்'டுன்னா இவ வாயத் தொறக்கறா. உடனே மனுஷன் என் பக்கத்துலயே நின்னுக்கிட்டார். நான் ஒரு உருண்டை எடுத்ததும் "ரைட்!" அடுத்த உருண்டைக்கு "ரைட்!"

டிரைவர் திரும்பிப் பாத்து, "ஓடற வண்டிக்கு எத்தன தடவ ரைட்டு குடுப்ப? பைத்தியமா புடிச்சிருக்கு?"ன்னார்.

என் கிண்ணம் காலி ஆயிடுச்சு. ஆனா வாய் இன்னும் தொறந்தே இருக்கு! கன்னட அம்மா தன் தூக்குச் சட்டியிலேர்ந்து ராகிக் களியைக் கிள்ளி, மோர் விட்டுக் கரைச்சுக் கொடுத்தாங்க. கட்டி ஒண்ணுகூட இல்ல. நான் பாக்காத மாதிரி இருந்துக்கிட்டேன். பின் சீட்டுல ஒரு தெலுங்குக்காரர், "அய்யோ, பிட்டக்கு ஆகலி!"ன்னார். பிள்ளைக்குப் பசியாம். வேகவெச்ச சக்கரவள்ளிக் கிழங்கைத் தோல் உரிச்சு மசிச்சு நீட்டினார். எல்லார் கையிலயும் வாங்கினா. என் கையை மட்டும் தள்ளி விட்டா. சோறு தீந்ததும் என்னோட மரியாதையும் தீந்து போச்சு.

நடுவுல ஒரு இடத்துல வண்டி நின்னுச்சு. ஒரு புளி வியாபாரி, "ஒரு நிமிஷம்"னு சுண்டு விரலைக் காட்டிட்டுப் புதர் பக்கம் எறங்கிப் போனார். அதே நேரம் கன்னட அம்மா களியை எடுத்தாங்க. நஞ்சுண்டன் பழக்க தோஷத்துல, "ரைட்!"

டிரைவர் வண்டியை எடுத்துட்டார்.

"யோவ்! யோவ்! என் மூட்டை!"

பின்னாடி பாத்தா, புளி வியாபாரி ஒரு கையால வேட்டியைப் புடிச்சுக்கிட்டு, இன்னொரு கையை ஆட்டிக்கிட்டு ஓடி வர்றார். குழி வந்தா தாவறார். தாவும்போது வேட்டி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்!

கலகலன்னு ஒரு சத்தம். வள்ளி சிரிக்கறா. காய்ச்சல் வந்ததுலேர்ந்து அந்தச் சிரிப்பை நாங்க கேக்கல. நஞ்சுண்டன் "ஹோல்டான்!"னு கத்தி வண்டியை நிறுத்தறதுக்குள்ள இன்னும் ரெண்டு வாய் உள்ள போயிடுச்சு.

மூச்சு வாங்கிக்கிட்டு ஏறின வியாபாரி, "எவன்டா ரைட்டு குடுத்தது?"ன்னார். நஞ்சுண்டன் என்னைக் காட்டினார். நான் பிள்ளையைக் காட்டினேன். பிள்ளை அவரைப் பாத்து இன்னொரு தடவை சிரிச்சுது. "சரி, தொலையுது"ன்னு உக்காந்துட்டார்.

சூளகிரியில எறங்கினேன். ரோட்டோரத்துல டீக்கடை பெஞ்சுல உக்காந்தேன். வள்ளி மடியில தூங்கிட்டா. நான் பனியனோட, வாழைப்பழம் காஞ்ச தலையோட, கையில காலிக் கிண்ணத்தோட. போறவர்றவங்க பாத்த பார்வையில, யாராவது அந்தக் கிண்ணத்துல ஏதாவது போட்டுடுவாங்களோன்னு பயந்து கவுத்து வெச்சேன்.

சாயங்காலம் ஓசூர் வண்டி வந்து நின்னுச்சு. ஜன்னல்ல ஒரு முகம். பக்கத்துல இருந்தவங்ககிட்ட, "அந்தப் பிள்ளை எங்க வள்ளி மாதிரியே இருக்குதே"ன்னு சொல்லிட்டே வந்த முகம் அப்படியே நின்னு போச்சு.

"ஏங்க!"

சரோஜா!

"இங்க என்ன பண்றீங்க? சட்டை எங்க? பிள்ளைக்கு என்ன ஆச்சு?"

"சாப்பிட்டா"ன்னேன்.

ஏறி உக்காந்ததும் பிள்ளையை வாங்கி வயித்தைத் தடவினா. நல்லா கும்முனு இருந்துச்சு. கண்ணு கலங்கிடுச்சு அவளுக்கு. முந்தானையில தொடைச்சுக்கிட்டா. கொஞ்ச தூரம் போனப்பறம்தான் கேட்டா.

"அது சரிங்க. சோறு ஊட்ட எதுக்குச் சூளகிரிக்கு வந்தீங்க?"

எல்லாத்தையும் சொன்னேன். ஓசூர் வர்ற வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டே வந்தா. தோள் மட்டும் குலுங்குச்சு. அழறாளோன்னு எட்டிப் பாத்தேன். சிரிக்கறா.

மறுநாள் காலையில பருப்பு சாதத்தோட உக்காந்தா. வள்ளி வாயைத் தொறக்கல. சரோஜா என்னைப் பாத்தா. கடையில நாலு பேர் சைக்கிளோட நிக்கறாங்க. நான் வெக்கத்தை விட்டுட்டு அங்கேருந்தே கத்தினேன்.

"ரைட்!"

வாய் தொறந்துச்சு.

அன்னியிலேர்ந்து எங்க தெருவுல சைக்கிள் கடை எங்கன்னு கேட்டா யாருக்கும் தெரியாதுங்க. கண்டக்டர் வீடுன்னு கேக்கணும்.