மதர்போர்டுக்கு வைத்த சந்தனப் பொட்டு

ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு கம்ப்யூட்டர் நிபுணர் இருப்பார். அவர் கம்ப்யூட்டர் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. என்றைக்கோ ஒருநாள் நின்றுபோன டிவியைத் தட்டி ஓட வைத்திருந்தால் போதும், சொந்தபந்தம் எல்லாம் சேர்ந்து பட்டம் கொடுத்துவிடும். வில்லாபுரத்தில் எங்கள் வீட்டு நிபுணர் நான்தான். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை. ஆபீசில் பிரிண்டர் மக்கர் செய்தால் அதை அணைத்து மறுபடி போடும் துணிச்சல் எனக்கு மட்டுமே இருந்தது. (மற்றவர்கள் ஷாக் அடிக்கும் என்று பயந்தார்கள்.) இந்தத் தகுதியை வைத்துக்கொண்டு நான் செய்த ஒரு காரியத்தைத்தான் சொல்லப் போகிறேன். நீங்கள் சிரிப்பீர்கள், பரவாயில்லை. செத்துப்போன ஒரு கம்ப்யூட்டரின் வயிற்றிலிருந்து என் மனைவியின் உழைப்பை முழுசாக வெளியே எடுத்தவன் நான். அந்தப் பெருமையை யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

(அந்தக் கம்ப்யூட்டரைக் கொன்றதும் நான்தான் என்பது தனி விஷயம்.)

என் மனைவி சுமதி அப்போது முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்துகொண்டிருந்தாள். பரவை மார்க்கெட்டில் காய்கறி விற்கும் பெண்களைப் பற்றிய ஆய்வு. விடியற்காலையில் பஸ் பிடித்துப் போய், மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, அவர்கள் பேசுவதை போனில் பதிவு செய்துகொண்டு வருவாள். வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். இப்படியே வருடக்கணக்கில் ஓடி, ஆய்வேட்டையும் பைண்டு செய்து கொடுத்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது பொது வாய்மொழித் தேர்வு ஒன்றுதான். வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து, எல்லார் முன்னிலையிலும் கேள்வி கேட்பார். அன்று அந்தப் பெண்களின் குரலையே அரங்கத்தில் போட்டுக் காட்டுவது என்று சுமதி முடிவு செய்திருந்தாள். அதை அவர்களிடம் போய்ச் சொல்லியும்விட்டாள்.

மார்க்கெட்டில் தக்காளி விற்கும் பேச்சியம்மாவுக்குத் தலைகால் புரியவில்லையாம். "நாங்க பேசுறத காலேசு வாத்தியாருமாருக உக்காந்து கேப்பாகளா தாயி? அப்ப அன்னைக்கு யாவாரத்த விட்டுப்புட்டு நாங்க அம்புட்டுப் பேரும் வாரோம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். ஆயுத பூஜையும் விஜயதசமியும் முடிந்த மறுநாள் தேர்வு.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜை என்றால் அரிவாள்மனையிலிருந்து நகவெட்டி வரை எல்லாவற்றுக்கும் குளியல் உண்டு. நான் கம்ப்யூட்டரைத் துடைத்து, வெளிப்பெட்டியில் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் அம்மா வந்து நின்றாள்.

"ஏன்டா, இந்தத் தகரமா வேல பாக்குது?"

"இல்லம்மா, உள்ள இருக்குறதுதான் வேல பாக்குது."

"அப்ப வேல பாக்குறவனை விட்டுப்புட்டு வாசக்கதவுக்குப் பொட்டு வச்சா சாமி ஏத்துக்கிருமா?"

ஸ்குரூ டிரைவரை எடுத்துப் பெட்டியைத் திறந்தேன். மதர்போர்டு, மெமரி, விசிறி, ஹார்ட் டிஸ்க் என்று ஒருவர் மனமும் கோணாதபடி எல்லாருக்கும் சந்தனம், அதன்மேல் குங்குமம். சந்தனம் கெட்டியாக இருக்கிறது என்று அம்மா பன்னீரைத் தாராளமாக விட்டிருந்தாள். வழுவழுவென்று ஒட்டியது. பெட்டியை மூடி, கதம்ப மாலை போட்டு, ஸ்குரூ டிரைவருக்கும் ஒரு பொட்டு வைத்து சாமி முன்னால் அடுக்கினேன். உலகத்திலேயே மதர்போர்டுக்குப் பொட்டு வைத்த முதல் மனிதன் நானாகத்தான் இருக்கும் என்று அப்போது பெருமையாகக்கூட இருந்தது. மற்றவர்கள் ஏன் வைக்கவில்லை என்று யோசிக்கத் தோன்றவில்லை.

பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். ஆனால் மத்தியானம் சுமதிக்கு இருப்புக் கொள்ளவில்லை. "எடுக்கல அத்தை, போட்டு மட்டும் பாத்துக்கிறேன்" என்று ஒயரைச் சொருகி சுவிட்சைத் தட்டினாள். வீடெங்கும் கமகமவென்று சந்தன மணம் பரவியது. அடுப்படியிலிருந்து அம்மா, "பாத்தியா, சாமி ஏத்துக்கிருச்சு!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்புறம் 'டப்' என்று ஒரு சத்தம். மணத்தோடு புகையும் வந்தது. ஃபியூஸ் போய் வீடே அடங்கியது.

நான் பதறவில்லை. ஃபியூஸைப் போட்டுவிட்டு, "கவலப்படாத, எல்லாத்தையும் பென் டிரைவுல எடுத்து வச்சிருக்கேன்" என்று ஒரு நிபுணரின் நிதானத்தோடு சொன்னேன். சுமதி அதை வாங்கி டிவியில் சொருகினாள். டிவி ஒன்றும் இல்லை என்றது. நான் எடுத்து வைத்திருந்தது ஷார்ட்கட்டை மட்டும். அதாவது, பீரோவிலிருந்து நகையை எடுத்து வரச் சொன்னால், பீரோ இருக்கும் அறைக்கு வழி எழுதி எடுத்து வந்திருக்கிறேன். பதிவு செய்த பழைய போனையோ புதுப் போனுக்கு மாற்றிக் கொடுத்து மாதக்கணக்காகிவிட்டது.

சுமதி திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலாம். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பட்டம் தள்ளிப்போனா போகட்டுங்க. ஒரு நாள் பொழப்ப விட்டுட்டு வர்றாங்களே, பேச்சியம்மா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?" என்றாள்.

"பொட்டிதான் போயிருக்கும். ஹார்ட் டிஸ்க் உசுரோடதான் இருக்கும். அதக் கழட்டி வேற கம்ப்யூட்டர்ல மாட்டுனா எடுத்துறலாம்" என்றேன். ஆபீசில் யாரோ சொல்லிக் காதில் விழுந்தது அவ்வளவுதான். ஆனால் அதைச் சொன்ன தோரணையில் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

கழற்ற ஸ்குரூ டிரைவர் வேண்டும். அது பொட்டு வைத்துக்கொண்டு சாமி முன்னால் படுத்திருந்தது. நான் கையை நீட்டியதும் அம்மா குறுக்கே வந்து நின்றாள். "தொட்ட, அம்புட்டுத்தான். பொட்டி எரிஞ்சது பத்தாதா?" சரி, ஊரில் ஸ்குரூ டிரைவருக்கா பஞ்சம் என்று கிளம்பினேன். அன்று பஞ்சம்தான். தெருமுனை எலக்ட்ரீசியன், சைக்கிள் கடைக்காரர், மிக்சி ரிப்பேர் செய்பவர் என்று ஏறாத வாசல் இல்லை. எல்லாருடைய ஸ்குரூ டிரைவரும் பூஜையில் இருந்தது. ஸ்குரூ டிரைவர் கேட்ட இடத்திலெல்லாம் கை நிறையப் பொரிகடலை கொடுத்து அனுப்பினார்கள்.

கடைசியில் ஆரப்பாளையத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் போனேன். கடை வாசலில் வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்திருந்தது.

"தம்பி, ஹார்ட் டிஸ்க்க இன்னொரு கம்ப்யூட்டர்ல சொருகுற கேபிள் இருக்கு, தாரேன். வேல மட்டும் இன்னைக்குப் பாக்க முடியாது."

"வேல நான் பாத்துக்கிறேன். ஸ்குரூ டிரைவர் மட்டும் குடுங்கண்ணே. ஒரு நிமிஷம்."

"ஒரு நிமிஷம்னாலும் சாமி பாத்துக்கிட்டுத்தான இருக்கும்?" என்றவர், கேபிளோடு ஒரு பொட்டலம் பொரியையும் திணித்தார்.

பொரி மூட்டையோடு வீடு திரும்பியவனைப் பார்த்ததும் சுமதிக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். "எஸ்தர் டீச்சர் வீட்டுக்குப் போவோங்க. அவங்க வீட்ல ஏது பூஜை?" என்றாள். எஸ்தர் டீச்சர் அவளுடைய சிநேகிதி. இரண்டு தெரு தள்ளி வீடு, மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சர். எரிந்துபோனதுக்கு இனி என்ன பூஜை என்று அம்மா விட்டுக்கொடுத்த கம்ப்யூட்டர் பெட்டியை ஸ்கூட்டரின் முன்னால் வைத்து, பின்னால் சுமதியை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். அவசரத்தில் மாலையைக் கழற்ற மறந்துவிட்டேன். வழியில் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

எஸ்தர் டீச்சர் கதவைத் திறந்து, பெட்டியையும் மாலையையும் பார்த்துவிட்டு, "என்னண்ணே, எங்க தெருவுக்கும் சாமி சப்பரம் வருதா?" என்றார். விஷயத்தைக் கேட்டதும் டூல் பாக்ஸையே தூக்கிவந்து வைத்தார். "எடுத்துக்கங்க. எங்க வீட்ல எல்லாம் சும்மாதான் கெடக்கு." அன்றைக்கு வில்லாபுரத்தில் தொடக்கூடிய ஸ்குரூ டிரைவர் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். என் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

பெட்டியைத் திறந்தால் மதர்போர்டில் சந்தனம் கருகிக் கிடந்தது. ஹார்ட் டிஸ்கில் மட்டும் பொட்டு அப்படியே பளிச்சென்று இருந்தது. அதற்கு நான் பொட்டு வைத்தது மேலே இருக்கும் இரும்பு மூடியில். சர்க்யூட் எல்லாம் அடிப்பக்கம். என் திறமையில் நான் மெச்சிக்கொள்ளும் பகுதி இது. (திறமை இல்லை, அடிப்பக்கம் கை போகவில்லை.) கழற்றி, டீச்சரின் லேப்டாப்பில் சொருகினேன். இந்த டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை, பார்மேட் செய்யட்டுமா என்று மரியாதையாகக் கேட்டது. யார் எதைக் கேட்டாலும் 'ஆகட்டும்' என்று தலையாட்டிப் பழகிய கூட்டுறவுக் கை, நேராக அதை அழுத்தப் போனது. சுமதி பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மொத்தமா அழிச்சிரட்டுமான்னு கேக்குதுங்க அது!"

அதன்பிறகு மவுஸை சுமதி வைத்துக்கொண்டாள், ஆலோசனை சொல்வதோடு நான் நின்றுகொண்டேன். தொலைந்த கோப்புகளைத் தேடித்தரும் மென்பொருள் ஒன்றை இறக்கி ஓட விட்டோம். ஒரு கோடு ஊர்ந்து ஊர்ந்து நகர்ந்தது. மூன்று பேரும் அதையே பார்த்தபடி ஊரெல்லாம் சேர்த்த பொரியைத் தின்று தீர்த்தோம். பொழுது சாயும் நேரத்தில் திரையில் வரிசை வரிசையாகக் கோப்புகள் வந்து விழுந்தன. சுமதி ஒன்றைத் தட்டினாள். "தக்காளி இன்னைக்கு நல்ல வெலை தாயி" என்றது பேச்சியம்மாவின் குரல். சுமதி வாய்விட்டு அழுதாள். எனக்கு மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது. நான் சொன்னது நடந்துவிட்டது! ஹார்ட் டிஸ்க் உசுரோடதான் இருந்தது!

ஆனால் ஒரு சிக்கல். கோப்புகள் வந்தன, பெயர்கள் வரவில்லை. எல்லாம் வெறும் எண்களாக இருந்தன. எப்போதோ அழித்தவையும் சேர்ந்து எழுந்து வந்திருந்தன. டீச்சரிடம் லேப்டாப்பை இரவல் வாங்கிவந்து, விஜயதசமி முழுக்க நான் உட்கார்ந்து பிரித்தேன். ஒவ்வொன்றிலும் முதல் சில நொடிகளைக் கேட்பேன். மார்க்கெட் சத்தம் இருந்தால் சுமதியின் ஃபோல்டருக்கு, இல்லாவிட்டால் குப்பைக்கு.

அப்போதுதான் என் ரகசியமும் எழுந்து வந்திருப்பது தெரிந்தது. எனக்குப் பட்டிமன்றப் பேச்சாளர் ஆக வேண்டும் என்று ஒரு ஆசை இருந்தது. யாருக்கும் தெரியாமல் மொட்டை மாடியில் நின்று, சுமதியின் பழைய போனில் பேசிப் பதிவு செய்து, கம்ப்யூட்டரில் போட்டுக் கேட்டு ரசித்துவிட்டு அழித்துவிடுவேன். அவை ஒவ்வொன்றாகத் தலைகாட்ட, சுமதி பார்ப்பதற்குள் அவசரமாகக் குப்பைக்கு அனுப்பினேன். எல்லாம் ஒழிந்தது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

தேர்வு நாளில் அரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் பேச்சியம்மாவும் மார்க்கெட் பெண்களும் தலை நிறைய மல்லிகையோடும், அவர்கள் பக்கத்தில் எஸ்தர் டீச்சரும் உட்கார்ந்திருந்தார்கள். லேப்டாப்பை இயக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கி, புதுச் சட்டையில் மேடையோரம் அமர்ந்திருந்தேன். முதல் பதிவைத் தட்டினேன்.

"வெலைய நானா சொல்றேன்? லாரி நெறைய வந்தா ஒரு வெலை, வராட்டி ஒரு வெலை. வெலை வேற எங்கனயோ முடிவாகுது தாயி. வசவு மட்டும் எனக்கு."

பேராசிரியர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பேச்சியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் அவரை இடித்து, "ஒன் கொரலுதான்டி!" என்றார். சுமதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காக இன்னும் நாலு கம்ப்யூட்டரை எரிக்கலாம்.

அந்த மிதப்பில் அடுத்த பதிவைத் தட்டினேன். "தக்காளி, வெங்காயம், கத்திரிக்கா..." என்று நல்ல சந்தைச் சத்தத்தோடுதான் ஆரம்பித்தது. ஆனால் அது பரவை மார்க்கெட் இல்லை. எங்கள் தெருவில் மைக் கட்டிக்கொண்டு வரும் காய்கறி வண்டி. வண்டி கடந்து போனதும் மொட்டை மாடியிலிருந்து ஒரு குரல் கர்ஜித்தது.

"நடுவர் அவர்களே! குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனே! கணவனே! கணவனே! காணாமல் போன சாவியைத் தேடித் தருவது யார்? கேஸ் சிலிண்டர் மாட்டுவது யார்? அனைத்தையும் பொறுத்துக்கொண்டு வாய் மூடி வாழும் அந்தத் தியாகி யார்?"

அதைத் தொடர்ந்து ஒற்றை ஆள் கைதட்டும் சத்தம். பிறகு அதே ஆள் குரலை மாற்றி, நடுவராகி, "ஆகா, அற்புதம்!" என்றார். நிறுத்துவதற்காக நான் எதையோ அழுத்தினேன். ஒலி இரண்டு மடங்கானது.

பேச்சியம்மா எழுந்தே நின்றுவிட்டார். "ஆத்தீ, இது யாரு தாயி? நம்ம மார்க்கெட்டுல இப்படி ஒரு ஆளு இல்லையே!"

அரங்கம் சுமதியைப் பார்த்தது. சுமதி முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் மைக்கில் சொன்னாள்: "இவர் என் கணவர். அடுத்த பதிவுக்குப் போகலாம்."

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரித்தார்கள். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுமதி அசரவில்லை. எல்லாப் பதிவுகளையும் போட வைத்து, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, முனைவர் சுமதியாக மேடையைவிட்டு இறங்கினாள். முதலில் கைதட்டியது நான்தான். இந்தத் தடவை கூடத் தட்டப் பலபேர் இருந்தார்கள்.

வெளியே வந்ததும் பேச்சியம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "எரிஞ்சுபோன பொட்டிக்குள்ள இருந்து எங்க கொரல நீங்கதான் மீட்டாந்தீகளாம்ல? டீச்சரு சொல்லுச்சு. அதுக்காகத்தான் ஒங்க கொரலையும் பொறுத்துக்கிட்டோம் தம்பி." வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே விருது இதுதான், ஒரு குறையும் இல்லாத விருது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் வாயைத் திறந்தாலே அந்த வாக்கியம் வந்துவிடுகிறது. சாம்பாரில் உப்பு இல்லை என்றால் "அடுத்த பதிவுக்குப் போகலாம்." அரசியல் பேசினால் "அடுத்த பதிவுக்குப் போகலாம்." ஹார்ட் டிஸ்க்கை மீட்ட கதையை யாரிடமாவது ஆரம்பித்தாலும் அதேதான். போன மாதம் ஒரு சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பில் எப்படியோ மைக் என் கைக்கு வந்துவிட்டது. தொண்டையைச் செருமி, "பெரியோர்களே" என்றேன். அந்த ஒரு சொல்தான் பேச முடிந்தது. மண்டபம் மொத்தமும் ஒரே குரலில் அடுத்த பதிவுக்குப் போய்விட்டது. தொடங்கி வைத்தது என் அம்மா.