டப்பா அண்ணாச்சியும் எங்கள் வீட்டு வேப்பிலையும்

தாராவியில் எங்கள் சந்தில், ஆட்களின் முகத்தை மறந்தாலும் அவர்களுடைய மூத்திரத்தின் நிறத்தை மறக்காத மனிதர் ஒருவர் உண்டு. வீடு வீடாகப் போய் ரத்தமும் மூத்திரமும் வாங்கி ஒரு லேபில் சேர்ப்பது அவர் வேலை. பை நிறையக் குட்டி டப்பாக்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, எங்களுக்கு அவர் டப்பா அண்ணாச்சி.

குரலை அடக்கிப் பேசுவது அவர் ஜாதகத்திலேயே இல்லை. ஒரு வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருந்தபோது நேரே உள்ளே போய், பெண்ணின் அப்பாவிடம் வயிற்றுப்பூச்சி போய்விட்டதா என்று விசாரித்தார். சம்பந்தம் எப்படியோ தப்பித்தது. மாப்பிள்ளையின் அம்மா மட்டும் கேசரியைத் தட்டிலேயே வைத்துவிட்டாராம்.

என் மகள் கவிதாவுக்கு அப்போது ஆறு வயது. சளி பிடித்து ஆறிய பத்தாம் நாள், கால்களிலும் பின்பக்கத்திலும் செம்புள்ளிகள் கிளம்பின. நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். அம்மை என்று முடிவு கட்டிவிட்டோம். வாசலில் வேப்பிலை செருகினோம், தாளிப்பை நிறுத்தினோம், டாக்டரையும் மருந்தையும் தள்ளி வைத்தோம். மூன்றாம் நாள் கணுக்கால் வீங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள் பிள்ளை.

வேப்பிலை தொங்கும் வீட்டுக்குள் வெளியாள் நுழையக் கூடாது. அண்ணாச்சி நுழைந்தார். பதறித் தடுத்த என் மனைவியைக் காதில் வாங்காமல், கண்ணாடி டம்ளர் ஒன்றை எடுத்துப் புள்ளிகளின் மேல் அழுத்தி உற்றுப் பார்த்தார். எனக்கும் ஆர்வம் தாங்கவில்லை, தலையை நீட்டினேன்.

"அழுத்துனா வெளிறணும். வெளிறல, பாத்தீரா? தோலுக்கடியில ரத்தம் கசியுது வே. இது அம்மை இல்ல. பிள்ளையத் தூக்கும்."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இதற்கு ஐஜிஏ வாஸ்குலைட்டிஸ் என்று பெயர் சொன்னார். சளிக் கிருமியோடு சண்டை போடக் கிளம்பிய உடம்பின் காவல்படை, சொந்த ரத்தக் குழாய்களையே போய்ப் புண்ணாக்குகிறதாம். ஏன் சில பிள்ளைகளுக்கு மட்டும் என்று கேட்டேன். அது இன்னும் முழுசாகத் தெரியாது என்றார். ஒட்டுவாரொட்டி இல்லை, பெரும்பாலும் தானே ஆறிவிடும். குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளவில்லை என்று ஸ்கேனில் பார்த்துவிட்டு, வயிற்றுவலிக்கு ஸ்டீராய்டு கொடுத்தார். ஆறு மாதமாவது மூத்திரத்தைச் சோதிக்க வேண்டும், இது வலியே இல்லாமல் சிறுநீரகத்தைப் பிடிக்கும் என்றும் எச்சரித்தார்.

புள்ளிகள் மறைந்ததும் நாங்கள் எச்சரிக்கையை மறந்தோம். அண்ணாச்சி மறப்பாரா? சனிக்கிழமை விடிந்தால், கவிதா காலை முதல் மூத்திரத்தைப் பிடித்துவிட்டாளா என்று அவர் கேட்கும் கேள்வியில் சந்தே எழுந்துவிடும். பிள்ளை வெட்கத்தில் கட்டிலுக்கடியில் ஒளிவாள். நன்றாகத்தானே ஓடியாடுகிறாள், இனி வராதீர்கள் என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன்.

"கிட்னி நோவுன்னு அழாது வே. நாமதான் போய்க் கேக்கணும்" என்று டப்பாவை நீட்டினார்.

மூன்றாம் மாதம் அந்த டப்பாவில் புரதம் இறங்கியிருந்தது, நோய் சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டதற்கு அடையாளம். சிறுநீரக டாக்டரிடம் ஓடினோம். மாத்திரை, உப்பில்லாத சோறு, வாராவாரம் சோதனை. அவரை விரட்டிய வாயை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

ஒரு வருஷம் போல ஆயிற்று, எல்லாம் சரி என்று ரிப்போர்ட் வர. அண்ணாச்சி அதை மூன்று தடவை படித்துவிட்டு, எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

கவிதாவுக்கு இப்போது பன்னிரண்டு வயது. நடுச்சந்தில், அத்தனை பேர் முன்னால், "ஏட்டி கிட்னி" என்று கூப்பிடுகிறார். வேறு யார் அப்படிக் கூப்பிட்டாலும் கடித்துக் குதறிவிடுவாள். அவர் கூப்பிட்டால் மட்டும் சாப்பாட்டுத் தட்டைக்கூட அப்படியே போட்டுவிட்டு ஓடுகிறாள்.